ஒவ்வொன்றாக வந்த கொம்பியூட்டர்

யூன் 4

ஆனைக்கோட்டை ரீச்சரின் வீட்டுக்கு மேல்மாடி விறாந்தை வரைந்துகொண்டிருந்தேன். தூண் வைத்தேன், கைபிடிச் சுவர் வைத்தேன், வீட்டைச் சுற்றிக் காட்டு என்று கேட்டேன். லப்டொப் பாதி சுற்றிவிட்டு அப்படியே நின்றது. எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தேன். வீடு இன்னும் சரிந்தபடியே நின்றது. நாளைக்குக் காட்டுவதாக ரீச்சருக்குச் சொல்லியிருக்கிறேன். வீடு கட்டுகிறவர்களுக்குப் பொறுமை கிடையாது. வரைகிறவளுக்கு மட்டும் அது இருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலையில் அண்ணா கனடாவிலிருந்து எடுத்தார். அதே லப்டொப்பில்தான் கதைத்தோம். வழக்கம்போல அவருடைய முகமும் இடையில் உறைந்தது. வாய் பாதி திறந்தபடி, ஒரு கண் மூடியபடி. நான் லைனைத் திட்டினேன். அம்மாவுக்கு மட்டும் சந்தோசம். கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, கண்ணாடியைச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மகனை ஆறுதலாகப் பார்த்தார்.

"இப்பதான் அசையாமல் இருக்கிறான். இல்லாட்டி அங்கயும் இஞ்சயும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பான். நாடி மெலிஞ்சு போச்சு, பாத்தனியே?"

படம் திரும்ப ஓடத் தொடங்கியதும் அண்ணா சிரித்தார். "உது லைன் பிழையில்லை சுகி. உன்ர லப்டொப்புக்கு வயசு போட்டுது."

"புதுசு வாங்கினாலும் ரெண்டு மூண்டு வருசத்தில உதே கதைதானே?"

"கடையில வாங்காதை. நாங்களே ஒண்டு பூட்டுவம். எது எதோட பொருந்தும் எண்டு நான் பாத்து அனுப்புறன். நீ பூட்டு."

அண்ணா இங்கிருந்து போனபோது நான் எட்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு ஒருதரமும் வரவில்லை. அப்பா செத்தபோது அவரிடம் விசாப் பேப்பர் இல்லை. பேப்பர் கிடைத்தபோது பிள்ளைகள், வேலை, வீட்டுக் கடன். எங்கள் பேச்சும் சாப்பிட்டியோ, அம்மா மருந்து எடுக்கிறாவோ, அங்கே மழையோ என்பதைத் தாண்டியதில்லை. இன்றைக்குத்தான் அம்மா எழும்பிப் போன பிறகும் நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம்.

யூன் 9

ஞாயிறு வரும்வரை பொறுக்காமல் அண்ணா இன்றைக்கே எடுத்தார். வேலையில்லையோ என்று கேட்டேன். லீவு என்றார். அண்ணா லீவு எடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

"கதவை முதல் வாங்கிப் போட்டுட்டு வீடு கட்டிற ஆக்களைக் கண்டிருப்பாய்தானே?" என்று தொடங்கினார்.

காணாமல்? போன வருடம் கொண்டாவிலில் ஒருவர் எங்கேயோ இடித்த வீட்டின் தேக்கங்கதவை மலிவாக வாங்கி வந்து, இதற்கேற்றமாதிரி ஒரு வீடு வரை என்று நின்றார். சின்னக் காணி. கதவு கோயில் கதவு அளவு.

"கொம்பியூட்டரும் அப்பிடித்தான். ஒண்டை வாங்க முதல் மற்ற எல்லாத்தையும் நினைக்க வேணும்."

நான் விளங்கிக்கொண்டது இது. புரொசெசர்தான் மூளை. மதர்போர்ட் அது இருக்கிற வீடு. மூளை உட்காருவதற்குப் போர்டில் ஒரு இருக்கை இருக்கிறது. ஒரு கம்பனியின் மூளை மற்றக் கம்பனியின் இருக்கையில் உட்காராது. ஒரே கம்பனியாக இருந்தாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை இருக்கையை மாற்றிவிடுவார்கள். மெமரியிலும் பழைய சாதி, புதிய சாதி உண்டு. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி. பிழையானதை அமத்தினால் இரண்டும் போய்விடும்.

எல்லாவற்றையும் அளவுக்கு வரைந்து அண்ணாவுக்கு அனுப்பினேன். கேசிங், அதற்குள் போர்ட், போர்டுக்கு மேலே காற்றாடி, காற்றாடிக்கும் மூடிக்கும் இடையில் எவ்வளவு இடம். அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவருக்கு இருமல் வந்துவிட்டது. தடிமன் காய்ச்சலாம்.

யூன் 10

ரீச்சருக்கு விறாந்தை பிடிக்கவில்லை. தூண் உருண்டையாக வேண்டுமாம்.

யூன் 25

புரொசெசர் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஒரு மாப்பிள்ளை.

அண்ணாவின் சிநேகிதரின் தம்பி, உரும்பிராயில் கலியாணம் கட்ட வந்தவர். பெட்டி கவனம், கவனம் என்று அண்ணா ஓதி அனுப்பியதில் பயந்துபோய் அதைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அன்பளிப்புக் கொடுக்க மேடைக்கு ஏறினேன். "நீங்கள்தானே தயாபரன் அண்ணையின்ர தங்கச்சி?" என்று கேட்டு, பக்கத்தில் பெண் பார்த்துக்கொண்டு நிற்க, பைக்குள் கைவிட்டு எடுத்துத் தந்தார். படக்காரர் அதையும் படம் எடுத்துவிட்டார். கலியாண வீட்டில் மாப்பிள்ளையிடம் பரிசு வாங்கிக்கொண்டு வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். பிஸ்கட்டை விடச் சின்னது. இதற்குத்தான் இவ்வளவு பாடு.

"இதுக்குள்ளயே திரைக்குப் படம் அனுப்புற பகுதி இருக்கு," என்றார் அண்ணா. "அது இல்லாததும் மலிவா விக்கிறாங்கள். தெரியாத ஆக்கள் அதை வாங்கிப் பூட்டுவினம். எல்லாம் சுத்தும், திரை மட்டும் கறுப்பாக் கிடக்கும். உன்ர வீடுகளை வடிவாச் சுத்திக் காட்டப் பேந்து ஒரு கார்ட் போடுவம். இப்போதைக்கு இது காணும்."

வீட்டுக்குள்ளே கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டிருந்தார். அங்கே இப்போது வெயில் காலம். கேட்டேன். ஏசி கூட என்றார்.

யூலை 9

யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு மதர்போர்ட் பார்த்தேன். அண்ணா சொன்ன அதே இருக்கை. விலையும் குறைவு. பெரிய வீரத்தோடு படம் எடுத்து அனுப்பினேன்.

"வேண்டாம். அது பழைய இருப்பு. இருக்கை சரி. ஆனா அது செய்யேக்க உன்ர புரொசெசர் பிறக்கேல்லை. அதுக்கு இவரை ஆரெண்டு தெரியாது. எழுப்பினாலும் எழும்பாது."

"அறிமுகம் செய்துவைக்க ஏலாதோ?"

"ஏலும். அதுக்கு வேற புரொசெசர் ஒண்டு வேணும்."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடிய அவர் கமராவை மூடினார். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்றவர் வர நேரமாயிற்று. நான் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது, பாரமான எதையோ தாங்கிப் பிடிக்கிறபோது வருகிற குரல். வீடு துப்புரவாக்குகிறார்கள்போல.

யூலை 16

ஒன்றை எழுதிவைக்க வேண்டும். எனக்கு இப்போது பதில் தெரிந்த கேள்விகளையும் அண்ணாவிடம் கேட்கிறேன். மெமரி ஒன்று பெரிதாகப் போடுவதா, இரண்டு சின்னதாகப் போடுவதா என்று இன்று கேட்டேன். இரண்டு என்று எனக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும். அவர் விளக்கி முடிக்கும்வரை ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கப்பலில் போட்டிருக்கலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். அதைக் கேட்டேன்.

"ஒண்டா அனுப்பினா ஒரு நாளில முடிஞ்சுபோடும்," என்றார்.

யூலை 30

அண்ணா வருகிறார்! நல்லூர்க் கோயில் தேருக்கு. கார்டைத் தானே கையில் கொண்டுவந்து பூட்டுவாராம். மிச்சச் சாமான் கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகள் கௌரி அக்காவிடம் வரும். அவ கொடியேற்றத்துக்கே வருகிறா.

அம்மா கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கச் சொன்னார். மிளகாய்த்தூள் இடித்தார். அண்ணாவின் கட்டிலில் அடுக்கியிருந்த என்னுடைய வரைபடச் சுருள்களை எல்லாம் தூக்கி என்னுடைய கட்டிலில் போட்டார். எங்கே படுக்கிறது என்று கேட்டால் நிலத்தில் படு என்கிறார்.

வருகிற சந்தோசத்தில் ரிக்கெற் போட்டாச்சோ என்று கேட்க மறந்துவிட்டேன். மறந்ததுதான்.

ஓகஸ்ட் 19

கௌரி அக்கா வந்தா. மதர்போர்ட், மெமரி, பவர் சப்ளை மூன்றையும் கொண்டுவந்தா. இப்போது கேசிங்கும் திரையும் கோப்புகளைச் சேமிக்கிற டிஸ்க்கும் மட்டும்தான் இங்கே வாங்க வேண்டும்.

பவர் சப்ளை புதிதில்லை. கரண்டை வாங்கி மற்ற எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி அது. அண்ணா தன்னுடைய கொம்பியூட்டரிலிருந்து கழற்றி, தன்னுடைய முழுக்கைச் சேட்டு ஒன்றில் சுற்றி அனுப்பியிருந்தார். பழைய சாமான், ஆனால் கல்லு மாதிரி என்று ஏற்கனவே சொல்லியிருந்தார். அப்போது உங்களுடைய கொம்பியூட்டருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, எனக்கு இனி போன் காணும் என்றார்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். கௌரி அக்கா குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினா.

"சுகி, தயா உனக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

"ஈரலில புற்றுநோய். தையிலயே தெரியும். மருந்தெல்லாம் ஏத்திப் பாத்திட்டினம். இனி ஏத்தி வேலையில்லை எண்டு விட்டிட்டினம். நான் சொன்னனான் எண்டு சொல்லிப்போடாதை. உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவன்."

தேருக்கு வருகிறேன் என்றாரே என்று கேட்டேன். அவ என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. நான் அழவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று கேட்டேன்.

அண்ணாவிடம் எனக்குத் தெரியும் என்று காட்டப்போவதில்லை. அம்மாவுக்கும் சொல்லப்போவதில்லை. அவர் கண் திறந்திருக்கும்போதே இதைப் பூட்டிக் காட்டிவிட வேண்டும். எனக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான்.

ஓகஸ்ட் 20

அண்ணாவின் சேட்டைத் தோய்க்கவில்லை.

ஓகஸ்ட் 27

இன்று பூட்டினோம். போனைக் கதிரையில் சாய்த்து வைத்து, சாப்பாட்டு மேசையில் சாமான்களைப் பரப்பினேன். அண்ணா படுத்திருந்தார். களைப்பாம், ஞாயிறுதானே என்றார். தலையணை உறையில் ஏதோ முத்திரை அடித்திருந்தது. வீட்டுத் தலையணையில் யாரும் முத்திரை அடிப்பதில்லை. நானும் கேட்கவில்லை.

"இரும்பில கை வைச்சிட்டுத் தொடு. உடம்பில இருக்கிற கரண்ட் போகட்டும்."

"வைச்சிட்டன்."

"புரொசெசரின்ர மூலையில சின்ன முக்கோணம் தெரியுதோ? இருக்கையிலயும் ஒரு முக்கோணம் இருக்கும். ரெண்டும் ஒரு மூலையில வரட்டும். அமத்தாதை. மெல்ல வை. தானா இருக்கும்."

தானாக இருந்தது. ஆனால் அதற்குமேல் வருகிற கம்பியை மடக்கும்போது நறநற என்று ஒரு சத்தம். நான் கையை எடுத்துவிட்டேன்.

"பயப்பிடாதை. அது அப்பிடித்தான் கத்தும். நானும் முதல்தரம் உடைச்சிட்டன் எண்டுதான் நினைச்சனான்."

பிறகு மெமரி. இரண்டு பக்கமும் டக், டக் என்று கேட்கவேண்டும். முதலாவது டக்கில் நான் நிறுத்திவிட்டேன். மற்றதையும் கேட்டால்தான் விடுவேன் என்றார். கேட்டது. இருக்கிற பலத்தை எல்லாம் சேர்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

போர்டைக் கேசிங்குக்குள் வைக்கிற இடத்தில் அண்ணாவின் குரல் தேயத் தொடங்கியது. ஒரு திருகாணியின் பெயரைத் தேடினார். கிடைக்கவில்லை. "அது... அந்த..." என்றார். "பித்தளைக் கால்," என்றேன் நான்.

"ஓம். அதுதான். உனக்கு எல்லாம் தெரியும் சுகி."

"எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் சொன்னாத்தான் செய்வன்."

"மிச்சம் நாளைக்கு."

ஓகஸ்ட் 28

எடுக்கவில்லை.

ஓகஸ்ட் 30

அண்ணியிடமிருந்து செய்தி. காய்ச்சல் கூடவாம், ஆஸ்பத்திரியில் நிற்கிறார்களாம், யோசிக்க வேண்டாமாம். ஆஸ்பத்திரியில் அவர் முதலே நிற்கிறார் என்று அந்தத் தலையணை எனக்குச் சொல்லிவிட்டது. உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது அண்ணி, எங்கள் குடும்பத்துக்கு வந்து இன்னும் பழகவில்லை.

செப்டெம்பர் 1

அவர் சொல்லச் சொல்லத்தான் செய்வேன் என்று இருந்தால் காலம் போய்விடும். மிச்சத்தை நானே பூட்டினேன். பித்தளைக் கால்கள், போர்ட், கடைசியாகப் பவர் சப்ளை. வயர்களை அண்ணா வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்துச் செருகினேன். எழும்பினால் உடனே அண்ணிக்கு எடுத்து அவருக்குக் காட்டுவது என்று போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பிளக் மட்டும் சுவரில் போகாது. கனடாப் பிளக்குக்குத் தட்டைக் கால், எங்கள் சுவரில் வேறு ஓட்டை. அதற்கென்ன? எங்கள் வீட்டில் ஒரு மேசை லாச்சி முழுக்க அடப்டர். வெளிநாட்டில் ஆள் இருக்கிற எந்த வீட்டிலும் அப்படி ஒரு லாச்சி இருக்கும். யார் எதை அனுப்பினாலும் அடப்டரைப் பூட்டிச் சுவரில் போட வேண்டியதுதான். போன் சார்ஜர், கமரா சார்ஜர், அம்மாவின் பிரஷர் பார்க்கிற பெட்டி, எல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன. இதற்கும் ஒன்றை எடுத்துப் பூட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

டமார் என்று ஒரு வெடி. நெருப்புப் பொறி, புகை, கருகின மணம். வீட்டுக் கரண்ட் முழுக்க விழுந்தது.

குசினிக்கு ஓடினேன். அம்மா நிலத்தில் குப்புறப் படுத்திருந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தார். சண்டை முடிந்து எவ்வளவு காலம். அவருடைய உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை.

"ஷெல்லோ பிள்ளை?"

"இல்லையம்மா. அண்ணா அனுப்பின பெட்டி."

சொல்லிவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியது அழுகையாகப் போய்விட்டது. நானும் நிலத்தில் இருந்தேன். அம்மா எழும்பி என்னுடைய தலையைத் தன் மடிக்கு இழுத்தார்.

"இனியாவது சொல்லு. அவனுக்கு என்ன வருத்தம்?"

"அம்மா..."

"எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீ? வெயில் காலத்தில தொப்பி போட்டான். அண்டைக்கே தெரியும். நீங்கள் ரெண்டுபேரும் மறைச்சுக்கொண்டு சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறியள். குழப்புவானேன் எண்டு இருந்தனான்."

சொன்னேன். அம்மா என்னுடைய தலைமயிரை ஒதுக்கிவிட்டார். பிறகு, "அவன் வரமாட்டான் என்ன?" என்று கேட்டார்.

செப்டெம்பர் 2

அண்ணி எடுத்து அண்ணாவின் காதில் போனை வைத்தார். கொம்பியூட்டர் எழும்பினதோ என்று அண்ணா கேட்டார். குரல் இல்லை, காற்றுத்தான்.

"இஞ்ச ரெண்டு நாளாக் கரண்ட் இல்லை அண்ணா. வந்தோண்ண போட்டுப் பாக்கிறன்."

"அப்பிடியோ," என்றார்.

செப்டெம்பர் 3

இன்றுதான் அந்தப் பவர் சப்ளையைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில், வயர் செருகும் ஓட்டைக்குப் பக்கத்தில், நகமளவில் ஒரு சிவப்பு சுவிட்ச். அதில் 115 என்று இருந்தது. பேனை முனையால் தள்ளிப் பார்த்தேன். 230 என்று மாறியது. கனடாவில் 115. இங்கே 230. பிளக் போட முதல் தள்ளியிருந்தால் போதும். மில்லிமீற்றர் கணக்கில் வீடு வரைகிறவளின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

இருக்கையைப் பார்த்தவர், வெட்டைப் பார்த்தவர், காற்றாடிக்கும் மூடிக்கும் இடையில் உள்ள இடத்தைக்கூடப் பார்த்தவர், இதை மட்டும் விட்டுவிட்டார். இந்த வீட்டின் கரண்டை மறந்துவிட்டார். இதே சுவரில் அப்பாவோடு சேர்ந்து வயர் இழுத்தவர் அவர்தான். பெட்டி வெடித்ததை விட எனக்கு அதுதான் தாங்கமுடியவில்லை.

இதை அவர் ஒருநாளும் அறியக்கூடாது.

செப்டெம்பர் 5

ரவுணுக்குப் போய்ப் புதுப் பவர் சப்ளை வாங்கி வந்தேன். எது பொருந்தும் என்று நானே பார்த்து வாங்கினேன். கேட்க ஆளில்லாமல் வாங்கிய முதல் சாமான். வெடித்தது அந்தப் பெட்டியோடு நின்றிருக்கவேண்டும் என்று நல்லூரானுக்கு நேர்ந்துகொண்டு சுவிட்சைப் போட்டேன். அம்மா முற்றத்தில் போய் நின்றுகொண்டார்.

காற்றாடி சுற்றியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் எழுத்து வந்தது. புரொசெசரின் பெயர், மெமரி இரண்டு, எல்லாம் வந்தன. நான் கத்தின கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இரவிரவாக வரைகிற புரோகிராமையும் ரீச்சரின் வீட்டையும் அதில் ஏற்றினேன்.

செப்டெம்பர் 6

விடிய அண்ணி எடுத்தார்.

"சுகி, இவர் நேற்றையில இருந்து ஒரே சொல்லு. சிவப்பு சுவிச், சிவப்பு சுவிச், சுகியிட்டச் சொல்லு எண்டு. எழும்பப் பாக்கிறார். மருந்து மயக்கத்தில உளறுறார் எண்டு நேர்ஸ் சொல்லுறா. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உமக்கு ஏதும் தெரியுமோ?"

 அனுப்பும்போது மறந்துபோனது, எல்லாம் மறந்துபோகிற நேரத்தில் அவருக்கு நினைவு வந்திருக்கிறது.

"அண்ணாட்டக் குடுங்கோ. படத்தோட."

முகம் வந்தது. நான் அந்த முகத்தைப் பற்றி எழுதமாட்டேன்.

"சுகி... சுவிச்..."

"மாத்திட்டன் அண்ணா. பிளக் போட முதலே கண்டிட்டன். 230 இல தள்ளிப்போட்டுத்தான் போட்டனான்."

"தள்ளினனியோ?"

"ஓம். ஒரு பிரச்சினையும் இல்லை."

கண்ணை மூடினார். நெற்றிச் சுருக்கம் அவிழ்வது தெரிந்தது. "பயந்திட்டன்," என்றார். "வெடிச்சிருக்கும்."

"ஒண்டும் வெடிக்கேல்லை. இஞ்ச பாருங்கோ."

புதுப் பவர் சப்ளை தெரியாமல் முதலே மூடியைப் பூட்டிவிட்டேன். போனைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனேன். ஆனைக்கோட்டை ரீச்சரின் வீட்டைத் திறந்து சுற்றவிட்டேன். உருண்டைத் தூண், விறாந்தை, பின்பக்கக் கிணறு, திரும்ப முன்வாசல். எங்கேயும் நிற்காமல் சுற்றியது. அண்ணா பார்த்தார். அதில் ஒரு வீட்டைத்தான் பார்த்தாரோ, தான் பூட்டின கொம்பியூட்டரைத்தான் பார்த்தாரோ தெரியாது, வாய் கொஞ்சம் சிரித்தது.

"கார்ட்..." என்றார்.

"அது நீங்கள் வரேக்க கொண்டு வாங்கோ."

"ஓம்."

அம்மா ஈரக் கையோடு வந்து போனை வாங்கினார். "தயா, அம்மா இருக்கிறன்," என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

செப்டெம்பர் 9

அண்ணா போய்விட்டார்.

செப்டெம்பர் 13

இன்று நல்லூரில் தேர். எங்களுக்குத் துடக்கு, போகக்கூடாது. அரோகரா என்ற சத்தம் காற்றில் வந்தது. கேட்டதும் அம்மா எழும்பிப் போய், அண்ணாவுக்கென்று துப்புரவாக்கி வைத்த கட்டிலில் இருந்தார். எனக்கு இன்றைக்கு யார்மேலோ கோபமாக இருக்கிறது. யார்மேல் என்று தெரியவில்லை.

செப்டெம்பர் 14

பின்னேரம் வீட்டில் நிறையச் சனம். அங்கே காலை. அண்ணி அனுப்பிய இணைப்பில் செத்தவீட்டை நேரடியாகக் காட்டுவார்கள். இப்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான் பார்க்கிறார்கள். போனில் பார்ப்போமா என்று கௌரி அக்கா கேட்டா. வேண்டாம் என்றேன். சாப்பாட்டு மேசையில் அண்ணாவின் கொம்பியூட்டரைப் போட்டேன். ரீச்சரின் வீட்டுக்குப் பிறகு அதில் நான் திறந்தது இதுதான்.

அம்மாவுக்கு முன்னால் கதிரை போட்டோம். கண்ணாடியைச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். படம் வந்தது. பெட்டிக்குள் அண்ணா வேட்டி கட்டி, விபூதி பூசி இருந்தார். தொப்பி இல்லை. அவ்வளவு தெளிவாக நாங்கள் அவரைக் கண்டதே இல்லை. மெலிந்த நாடி தெரிந்தது. காதோரத்தில் சின்ன வயதுக் காயத்தின் தழும்பு தெரிந்தது. அம்மா விரலால் திரையில் அதைத் தொட்டார்.

கிரியை முடிந்தது. பிள்ளைகள் சுற்றி வந்தார்கள். அண்ணி விழுந்து அழுதார். பெட்டியை மூடி எரிக்கிற சூளையின் இரும்புக் கதவுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். மூத்த மகனின் கையைப் பிடித்து ஒரு பொத்தானில் வைத்தார்கள். கதவு மேலே எழும்பியது.

அம்மா என்னுடைய கையை இறுக்கிப் பிடித்தார். "பிள்ளை, நிக்குமே? கொஞ்சம் நிக்குமே?" என்றார்.

எனக்கு விளங்கியது. பழைய லப்டொப் என்றால் இந்த இடத்தில் உறைந்திருக்கும். பெட்டி வெளியிலேயே நின்றிருக்கும், நாங்கள் பார்த்துக்கொண்டு இருந்திருப்போம். நானும் அதைத்தான் கேட்டேன், ஒருதரம் நில் என்று. ஆனால் அண்ணா எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்தவர். பிழை லைனில் இல்லை என்று அவர் சொன்னது சரிதான். பெட்டி உள்ளே போய், கதவு இறங்கி முடியும்வரை படம் எங்கேயும் நிற்கவில்லை.